நோட்டீஸ் ஒட்டியாயிற்று, மலை நிற்குமா?

பினாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், வீடு தீவில் இருக்கிறதா பெருநிலத்தில் இருக்கிறதா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். ஏழு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

மலையடிவாரத்தில் வரிசை வீடு. இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். பின்னால் ஒரு பழைய பழத்தோட்டம், ரம்புத்தானும் மங்குஸ்தீனும் வயதான சில டுரியான் மரங்களும். தோட்டம் கைமாறியது. சில மாதங்களுக்கு முன் மண்வாரி இயந்திரம் மேலே ஏறி, மரங்களைச் சாய்த்து, சரிவைப் படிப்படியாக வெட்டி, வெட்டிய மண்ணை அங்கேயே ஓரத்தில் தள்ளிவிட்டது. கேட்டால் புது டுரியான் கன்று நடப்போகிறோம், விவசாயம்தான் என்றார்களாம். அன்றிலிருந்து மழை பெய்தால் பின்கட்டுக் கால்வாயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் தண்ணீர். பின்சுவரில் தலைமுடி மாதிரி தெரிந்த விரிசலில் இப்போது ஐம்பது சென் காசு நுழைகிறது. ஊராட்சி மன்றத்தில் புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்து வேலையை நிறுத்தும் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான்கு நாள் சத்தமில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இயந்திரம் மறுபடியும் ஓடுகிறது. இதற்கிடையே அந்த மண்வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் வீட்டுக்கு வந்து, சுவரைப் பூசிக்கொள்ளுங்கள் என்று 3,000 ரிங்கிட்டையும் கையெழுத்துப் போட ஒரு தாளையும் நீட்டியிருக்கிறார். கணவர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், ஏனென்றால் அவருடைய தம்பி அந்தக் குத்தகையாளரிடம்தான் லாரி ஓட்டுகிறார். வாசகிக்கோ மன்றத்தின் மேல்தான் கோபம். "வேலை செய்யாதவர்களுக்கு எதற்குச் சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்ட வேண்டும்? அவர்கள் மேல் கேஸ் போட முடியுமா?" என்று கேட்கிறார். நடுவில் ஒரு வரியில், மாமியார் பின்பக்க அறையில்தான் படுக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

சகோதரி, அந்த ஒரு வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. மாமியாருடைய கட்டிலை இன்று இரவுக்குள் முன்னறைக்கு மாற்றுங்கள். கேஸ், நோட்டீஸ், 3,000 ரிங்கிட் எல்லாவற்றையும் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், நின்றுபோன வேலை ஓடுகிற வேலையைவிட ஆபத்தாக இருக்க முடியும். பினாங்கு மலைகள் பெரும்பாலும் கிரானைட். ஆனால் மேலே நாம் காண்பது பாறை இல்லை, பாறை இற்றுப்போய் ஆன மண். நடுநடுவே உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். மரவேர் பிடித்திருக்கும் வரை, அடிவாரம் முட்டுக் கொடுக்கும் வரை, அது பல காலம் அசையாமல் நிற்கும். வேரை எடுத்து, அடியை வெட்டி, தளர்ந்த மண்ணை மேல் ஓரத்தில் குவித்துவிட்டு, மூடாமல் வடிகால் வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டால் அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். நோட்டீஸ் ஆளைத்தான் நிறுத்தும், மண்ணை நிறுத்தாது. ஆகவே நீங்கள் மன்றத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: வேலையை நிறுத்துவது, வெட்டிய சரிவைப் பத்திரப்படுத்துவது. உங்கள் கடிதத்தில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. கதவு திடீரென்று இறுகுவது, மேலே மரமோ வேலியோ சாய்வது, தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவது, சுவரின் நீர்த்துளைகளில் வழக்கமாக வரும் தண்ணீர் நின்றுபோவது அல்லது சேறாக வருவது, இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் அதிகாரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டைவிட்டு வெளியே வந்து 999ஐ அழைத்து தீயணைப்பு மீட்புப் படையிடம் சொல்லுங்கள். மழை கொட்டும் இரவுகளில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். 2017 அக்டோபர் 21ஆம் தேதி தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸில் சாலைத் திட்டத்தில் 9 பேர். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் அங்கே வேலை செய்யப் போனவர்கள். அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கனக்கிறது.

"அவன் நிலம், அவன் விவசாயம்" என்பது பற்றி

பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னது இரண்டு. சொந்த நிலத்தில் யாரும் எதையும் செய்யலாம், விவசாயத்துக்கு அனுமதி தேவையில்லை என்பது ஒன்று. உங்கள் சரிவு 250 அடிக்குக் கீழே இருப்பதால் மலைச் சட்டம் பொருந்தாது என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை, அதனால்தான் ஊரில் நன்றாகப் பரவியிருக்கின்றன.

1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்காமல் யாரும் மண்வேலை தொடங்கக் கூடாது என்கிறது அது. மண்வேலை என்றால் என்ன என்பதற்கு அதே பிரிவில் விளக்கமும் உண்டு: தோண்டுவது, சமன்படுத்துவது, மண் நிரப்புவது, மரம் வெட்டுவது, நிலத்தைக் கலைக்கும் வேறு எந்தச் செயலும். மரம் வெட்டுவதே அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் வழக்கமான விவசாயத் தோண்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள் என்பது நிஜம். ஆனால் மண்வெட்டியால் குழி போட்டுக் கன்று நடுவதற்காக வைத்த இடம் அது. மண்வாரியை ஏற்றி ஒரு சரிவையே படிக்கட்டாக்குவதை வழக்கமான விவசாயம் என்று நிறுவ அவர்தான் பாடுபட வேண்டியிருக்கும்.

250 அடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? பினாங்கு மாநில அமைப்புத் திட்டம் 76 மீட்டருக்கு, அதாவது சுமார் 250 அடிக்கு, மேலான நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மலை நிலமாக எண்ணி, அங்கே மேம்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. உயரத்தில் தப்பினாலும் சரிவில் மாட்டலாம். அதைவிட, 70ஏ பிரிவுக்கு உயரமே கணக்கில்லை. கடல் மட்டத்திலிருந்து பத்தடி உயரத்தில் வெட்டினாலும் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கிய வேலையாகவே இருந்தாலும், உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரலாம் என்று மன்றம் கருதினால் உடனே நிறுத்தச் சொல்ல முடியும்.

தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடர்ந்தால் நாளுக்கு 500 ரிங்கிட் வரை கூடுதல். நோட்டீஸுக்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு ஞாயிறும் அதனால்தான் முக்கியம். இந்த அபராதம் போதாது என்று நானும் சொல்வேன். புக்கிட் ரெலாவில் 2013இல் மலை மொட்டையானபோது நிறுவனத்துக்கு விழுந்த அபராதம் 30,000 ரிங்கிட். லாரி வாடகைக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். திட்டமிடல் சட்டத்தின் கீழ் அதிகபட்சம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். எனவே புகாரில் இரண்டு சட்டத்தையும் குறிப்பிடுங்கள். எதில் குற்றம் சாட்டுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

மன்றத்தின் மேல் கேஸ் போடலாமா?

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு தவறான வாசலைத் தட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஹைலண்ட் டவர்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். 1993 டிசம்பர் 11, உலு கிளாங், பின்புறச் சரிவு சரிந்து மூன்று அடுக்குமாடிகளில் ஒன்று விழுந்தது, 48 பேர் இறந்தார்கள். மிஞ்சிய குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பங்கு பிரித்தபோது நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு என்றது. ஆனால் வழக்கு 2006இல் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தபோது கழகம் முழுமையாக விடுபட்டது. காரணம் அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95(2) பிரிவு. கட்டட வேலைகள் எங்கள் பரிசோதனைக்கும் ஒப்புதலுக்கும் உட்பட்டவை என்பதற்காக எங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்று அது மன்றங்களுக்கு ஒரு கவசம் கொடுக்கிறது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்காது, சட்டம் திருந்த வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று அதுதான் சட்டம். அனுமதியே இல்லாத வேலைக்கு இந்தக் கவசம் எவ்வளவு தூரம் நீளும் என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை உங்கள் ஓய்வூதியப் பணத்தில் நடத்திப் பார்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

மன்றத்தைக் கடமையைச் செய்யவைக்க உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்கலாம். அதற்கு மூன்று மாதக் கெடு இருக்கிறது, செலவும் கூடுதல். தவிர, எப்படி நடவடிக்கை எடுப்பது என்பதில் மன்றத்துக்கு இருக்கும் விருப்புரிமையில் நீதிபதிகள் லேசில் கைவைக்க மாட்டார்கள்.

அதே ஹைலண்ட் டவர்ஸ் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உங்களுக்கு உதவும். உயர் நீதிமன்றம் அதிகபட்சப் பங்கான 30 விழுக்காட்டை யார் தலையில் வைத்தது தெரியுமா? மேலே இருந்த நிலத்தின் உரிமையாளர் தலையில். தன் நிலத்துச் சரிவையும் தண்ணீரையும் கவனிக்காமல் விட்டதற்காக. நீங்கள் தட்ட வேண்டிய வாசல் அதுதான், சகோதரி. மேலே வெட்டுகிற நிலத்துக்காரரும் குத்தகையாளரும்.

தேசிய நிலச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, உங்கள் நிலம் அதன் இயற்கை நிலையில் பக்கத்து நிலத்தின் தாங்குதலைப் பெறும் உரிமையை உங்களுக்குக் கொடுக்கிறது. அது நிலத்துக்கு. வீட்டுச் சுவருக்கு வந்த சேதத்தை அலட்சியம், அண்டை அயலாருக்குத் தொல்லை என்ற வழிகளில் கேட்க வேண்டும். வேலையை நிறுத்தும் தடையுத்தரவை செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே கேட்கலாம், 1,000,000 ரிங்கிட் வரையான வழக்குகளை அது விசாரிக்கும். இடைக்காலத் தடை கேட்பவர், பின்னால் வழக்குத் தோற்றால் எதிர்த்தரப்பின் நஷ்டத்தை ஈடுகட்டுவேன் என்று வாக்குறுதி தர வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் பொறியாளர் அறிக்கை இல்லாமல் நீதிமன்றப் படி ஏற வேண்டாம் என்கிறேன். மண்ணியல் பொறியியலில் பழக்கமுள்ள பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, உங்கள் வரிசையில் இருக்கும் எட்டு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். எட்டுப் பேர் கையெழுத்து மன்றத்திலும் வேறு மாதிரி படிக்கப்படும்.

சுக்காய் பிந்துவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வரியும் சேவையும் அப்படிக் கொடுக்கல் வாங்கல் கணக்கில் வருவதில்லை. பாக்கி வைத்தால் அபராதம் சேரும், வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும் வாரண்டு வரைக்கும் போகலாம். நாளைக்கு நீங்கள் மன்றத்தின் முன் நிற்கும்போது பாக்கிக்காரராக நிற்பீர்கள்.

அந்த 3,000 ரிங்கிட் தாள்

தாளின் படத்தை இணைத்திருந்தீர்கள். மலாயில் மூன்றாவது வரியைத் திரும்பப் படியுங்கள்: இது முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. அடுத்த மாதம் சுவரே விழுந்தாலும் இந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள், பணத்தையும் வாங்காதீர்கள். அவர் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளை இன்றே எழுதி வையுங்கள். தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள், சேதம் தன்னால்தான் என்று அவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

வீட்டுக் காப்புறுதியை எடுத்துப் பாருங்கள். நிலச்சரிவும் மண் இறக்கமும் சாதாரண வீட்டுக் காப்புறுதியில் தானாக வராது, கூடுதலாகக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தால் விரிசலை உடனே அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆதாரம்: ஒரு பென்சில் போதும்

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தச்சர், விரிசல் முடிந்த இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அங்கே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. இப்படி ஐந்து கோடு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் "இது பழைய விரிசல், வீடு கட்டின காலத்திலிருந்து இருக்கிறது" என்று தொடங்கியபோது அந்தச் சுவரின் படத்தை மேசையில் வைத்தோம். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

நீங்களும் செய்யுங்கள். ஐம்பது சென் காசு வைத்து எடுத்த படம் நல்ல யோசனை, ஆனால் பக்கத்தில் ஒரு அடிக்கோலையும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடுவதை உங்கள் வீட்டு எல்லைக்குள் நின்றே வீடியோ எடுங்கள், மேலே ஏறிப் போகாதீர்கள். அத்துமீறல் என்று பதில் புகார் வரும், அதைவிட அந்தச் சரிவில் கால் வைப்பதே ஆபத்து. நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் யார் என்று தேடிக் கொடுப்பார்கள்.

புகாரை இனி வாட்ஸாப்பிலோ தொலைபேசியிலோ நிறுத்தாதீர்கள். தேதி வாரியாக நடந்ததை எழுதி, படங்களை இணைத்து, நோட்டீஸ் மீறப்பட்ட நாள்களைத் தனியாகக் குறித்து மன்றத்தின் பொறியியல் துறைக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். சேறு கால்வாய்க்கு வருவதால் வடிகால், நீர்ப்பாசன இலாகாவுக்கும், மண் அடுத்தவர் நிலத்தில் இறங்குவதால் மாவட்ட நில அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தில் மண்ணரிப்பைக் கட்டுப்படுத்தவே ஒரு பகுதி இருக்கிறது, அந்த அதிகாரம் நில அலுவலகத்திடம்தான். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போய் வாருங்கள், மலை வெட்டு விஷயத்தில் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பவர்கள், தமிழிலேயே பேசலாம். அதிகாரி பணம் வாங்கிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். கையில் ஆதாரம் இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் அந்தப் பேச்சை முகநூலில் போடாதீர்கள், அவதூறு வழக்கில் நீங்கள் மாட்டிக்கொண்டால் மலை மறந்தே போகும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான கேள்வி. பின்கட்டுச் சமையலறை நீங்கள் பிறகு நீட்டிக் கட்டியது என்று தெரிகிறது. அதற்கு வரைபட ஒப்புதல் வாங்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாங்காதவர்கள் நம்மிடையே ஏராளம், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிப் பிடிக்கப்போவது அதைத்தான்: விரிசல் விழுந்தது ஒப்புதல் இல்லாத சுவரில், அஸ்திவாரமே சரியில்லை என்று. அதனால் உங்கள் உரிமை அற்றுப்போகாது, சரிவு வெட்டியது வெட்டியதுதான். ஆனாலும் உங்கள் வழக்கறிஞரிடமும் பொறியாளரிடமும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பழைய வீட்டுச் சுவரிலும் தரையிலும் விரிசல் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். இருந்தால் அவர்களுடைய வாதம் பாதி கரைந்துவிடும்.

வீட்டை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்கலாம். ஆனால் வாங்க வருகிறவர் விரிசலைப் பற்றியோ மலையைப் பற்றியோ கேட்டு நீங்கள் பொய் சொன்னால், அந்த ஒப்பந்தத்தையே அவர் பின்னால் உடைக்க முடியும். பூசி மறைத்து விற்க நினைக்காதீர்கள். நாளைக்கு அந்தப் பின்னறையில் வேறொருவரின் மாமியார் படுப்பார்.

கடைசியாக உங்கள் கொழுந்தனார் விஷயம். அவர் ஓட்டிய லாரியில் போன மண்ணைப் பற்றி அவர் வாயாலேயே சொல்லவைத்தால் கேஸ் பலமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அவரை இதில் இழுக்காதீர்கள். உங்களுக்குத் தேவையானது உங்கள் கொல்லைப்புறத்திலிருந்தே தெரிகிறது, அவர் சாட்சி இல்லாமலே இது நிற்கும். கூலிக்கு ஓட்டுகிற மனுஷன், சம்பளத்தை இழப்பார், அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோகும். அதற்குப் பதிலாகக் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டி, நீங்கள் பணத்தை வேண்டாம் என்பது அவருடைய தம்பிமேல் உள்ள கோபத்தில் இல்லை என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிலைத் தூக்குங்கள். பென்சிலும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு அந்தச் சுவரில் முதல் கோட்டை அவரையே போடச் சொல்லுங்கள்.